வந்தோம், போனாங்க: ஒரு கதை யார் கண்ணால் நடக்கிறது?

போன மாதம் அண்ணன் மகள் ஒரு சிறுகதை எழுதி மெயிலில் அனுப்பியிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இதுவரை எழுதியது எதையும் எனக்குக் காட்டியதில்லை. இதைக் காட்டியதற்குக் காரணம் உண்டு. கதை எங்க வீட்டுக் கதை. அப்பா இறந்த பிறகு அம்மா ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் எங்களோடு தங்க வந்த கதை.

மெயிலின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "சித்தப்பா, இப்ப 'பாட்டி'ன்னு எழுதியிருக்கேன். பாட்டியே 'நான்'னு சொல்ற மாதிரி மாத்தட்டுமா? எது நல்லா இருக்கும்?"

"எது வசதியோ அப்படி வச்சுக்கோம்மா. பாட்டிங்கற இடத்துல நான்னு போட்டா ஆச்சு" என்று பதில் போட்டேன்.

எட்டு வருஷமாகக் கதைகளைப் பற்றி இங்கே எழுதிக்கொண்டிருக்கிறவன் சொல்லக்கூடிய பதிலா இது? சோம்பலில் சொன்னது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். உண்மை வேறு. அந்தக் கதையில் நான் வருகிறேன். "சின்னவர்" என்று பெயர். கூடத்தில் நின்று வேன்காரரிடம் போனில் வாடகை பேசிக்கொண்டே இருக்கிறார். பாட்டி எதையோ சொல்ல வரும்போது ஒரு விரலைக் காட்டி "ஒரு நிமிஷம்" என்கிறார். கதை முடிகிறவரை அந்த ஒரு நிமிஷம் முடிவதில்லை.

அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. எரிச்சல் வந்தது. பதில் போட்டுவிட்டு மூடிவைத்தேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

வருவதும் போவதும்

கதையின் கடைசியில், வேன் தெருமுனையில் திரும்பியதும், வாசலில் நிற்கிற சிறுமி தன் அம்மாவிடம் சொல்கிறாள், பாட்டியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க என்று. அந்தச் சிறுமி அண்ணன் மகள்தான். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. அண்ணன் வீடு அதே ஊரில், பக்கத்துத் தெரு.

இதே நிகழ்ச்சியை இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ பேரிடம் நானும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துட்டோம்" என்றுதான். அதே நாள், அதே வேன். என் வாயில் வந்தது, அவள் வாயில் போயிருக்கிறது.

இது ஏதோ தற்செயல் இல்லை. பேசுகிறவரோ கேட்கிறவரோ இருக்கிற பக்கம் நகர்ந்தால் வருவது, வேறு பக்கம் நகர்ந்தால் போவது. தொல்காப்பியம் இதைச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே எடுத்துப் பேசுகிறது. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. தா, கொடு என்ற வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் 'குடு' என்கிறோம். வா, போ இரண்டும் அப்படியே உயிரோடு இருக்கின்றன.

கதை எழுதுகிறவருக்கு இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. "கதவு திறந்தது, ஒருவன் உள்ளே வந்தான்" என்று எழுதினால் நாம் அறைக்குள் இருக்கிறோம். "உள்ளே போனான்" என்று எழுதினால் தெருவில் நிற்கிறோம். இரண்டிலுமே 'நான்' கிடையாது. இரண்டும் படர்க்கைதான். ஆனாலும் பார்க்கிற கண் இடம் மாறிவிட்டது.

தமிழில் இப்படி இன்னும் சில உண்டு. ஆங்கிலத்தில் ஆணைச் சுட்ட 'ஹீ' என்ற ஒரே சொல் போதும். தமிழில் கதைசொல்லி அவனா, அவரா என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். "பண்ணையார் வந்தார், பின்னால் அவருடைய ஆள் வந்தான்" என்று ஒருத்தர் எழுதினால், தான் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அண்ணன் மகள் என்னை "சின்னவர் சொன்னார்" என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த 'ஆர்' விகுதியில் எனக்கு மரியாதையைவிடத் தூரம்தான் அதிகமாகத் தெரிந்தது.

அப்புறம் 'தான்'. "யாரோ அவளைப் பார்த்தார்கள், அவள் திரும்பினாள்" என்பதை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று திரும்பினாள்" என்றால் 'தன்னை' என்ற ஒரு சொல் நம்மை அவள் தலைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. இதுவும் படர்க்கைதான்.

ஆக, "நான்ல எழுதறதா, அவள்ல எழுதறதா" என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொல்வது யார்? பார்ப்பது யார்? பிரெஞ்சு விமர்சகர் ஜெரார் ஜெனெத் 1972-இல் எடுத்துரைப்பைப் பற்றி எழுதியபோது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். சொல்கிற குரல் ஆசிரியருடையதாக இருக்கலாம், பார்க்கிற கண் பாத்திரத்தினுடையதாக இருக்கலாம்.

நம் பக்கம் இதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை வரிசையாக அடுக்கும்போது 'கூற்று' என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, உடனே 'கேட்போர்' என்று இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறது. யார் சொல்கிறார் என்பது மட்டும் போதாது, யாரிடம் சொல்கிறார் என்றும் தெரிய வேண்டும். அகப்பாடலில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். தலைவி தோழியிடம் சொல்வது வேறு, தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான் என்று தெரிந்தே தோழியிடம் சொல்வது வேறு. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை, கார், ஒரு பெண்

இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஜெயகாந்தனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே சம்பவத்தை அவர் இரண்டு தடவை எழுதினார். முதலில் 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை. பிறகு 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். நாவலுக்கு 1972-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில், லட்சுமி நடித்துப் படமாகவும் வந்தது.

சிறுகதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மழை பெய்கிற ஒரு சாயங்காலம். பெண்கள் கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். ஏழைப் பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது, அதில் ஒரு இளைஞன். கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான். ஏறுகிறாள். கார் ஆளில்லாத இடத்துக்குப் போகிறது. அங்கே அது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். விதவையான அந்த அம்மா முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். அக்கம்பக்கத்தில் என்ன என்று கேட்டதும், மழையில் நனைந்து வந்திருக்கிறாள் என்று சொல்லி மறைக்கிறாள். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பின் அர்த்தம் அதுதான்.

கதை வந்த காலத்தில் பெரிய சர்ச்சை. அந்தச் சர்ச்சையெல்லாம் பெரும்பாலும் அம்மா செய்தது சரியா தப்பா என்பதைச் சுற்றித்தான். எனக்கு இப்போது வேண்டியது அது இல்லை.

அண்ணன் மகளுக்குச் சொன்ன வைத்தியத்தை இந்தக் கதையில் செய்து பார்த்தேன். ஒரு நோட்டில், 'அவள்' வருகிற இடத்தில் எல்லாம் 'நான்' போட்டுக்கொண்டே வந்தேன். நின்றாள் என்பதை நின்றேன் ஆக்கினேன். எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதல் பக்கங்களிலேயே இடித்தது. அவள் தோற்றம், உடை, அதில் தெரிகிற ஏழ்மை, நனைந்து நிற்கிற கோலம் இதையெல்லாம் கதை நின்று நிதானமாகச் சொல்கிறது. எந்தப் பெண்ணும் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தன்னையே அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். 'நான்' என்று போட்டதும் அந்த வர்ணனை முழுக்கப் பொய்யாகிறது. அப்படியானால் அது யார் கண்? பஸ் நிறுத்தத்தின் கண், தெருவின் கண். இன்னும் கொஞ்ச நேரத்தில் காரில் வரப்போகிறவனுடைய கண்ணும் அங்கேதான் இருக்கிறது. அவன் வருவதற்கு முன்னாலேயே வாசகரை அவன் இடத்தில் கதை நிறுத்திவிடுகிறது. இத்தனை தடவை படித்தும் எனக்கு இது தெரியவில்லை. வேறு யார் இடத்திலோ நிற்கிறோம் என்று தோன்றாமலே நின்றிருக்கிறேன்.

காருக்குள் நடக்கிற பகுதியில் கொஞ்சம் பரவாயில்லை. அங்கே கதை அவள் பயத்துக்குள் போகிறது. 'நான்' ஓரளவு பொருந்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி இடிக்கிறது. இந்தத் தடவை காரணம் வேறு. இங்கே திறந்து காட்டப்படுவது அம்மாவின் மனம். மகளை அடிக்கிற ஆத்திரம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம், அதிலிருந்து சட்டென்று ஒரு தெளிவு. முடிவு எடுப்பவள் அம்மா. பெண் தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். நான், நான் என்று எழுதிக்கொண்டே வந்தால் இந்த இடத்தில் அந்த 'நான்' எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் அவள் வாயில் மெல்லுகிற சூயிங் கம்மைத் துப்பச் சொல்லும்போதும் உத்தரவு அம்மாவுடையதுதான்.

தன்மைக்கு மாற்றினால் கதை உடைகிறது என்பதால் அது மோசமான கதை என்று சொல்ல வரவில்லை. உண்மையில் அது அம்மாவின் கதை. ஒரு சாதாரணத் தாய், ஊர் நியாயத்தை மீறி ஒரு பெரிய நியாயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதுதான் ஜெயகாந்தனுக்கு முக்கியம். அதை அற்புதமாகச் செய்திருக்கிறார். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நடந்தது யாருக்கோ, அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெயரும் கிடையாது. அகத்திணை மாதிரி பெயர் இல்லாத பெண், ஆனால் அங்கே தலைவிக்குக் கூற்று உண்டு.

கங்காவின் 'நான்'

நாவலில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வருகிறது. கங்கா. கதையின் மிகப் பெரும்பகுதியை அவளே 'நான்' என்று சொல்கிறாள். வருஷங்கள் ஓடிவிட்டன. படித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள்.

சொல்கிறவர் மாறியதும் சம்பவமே மாறிவிடுகிறது. கங்காவின் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. அலறினாள். ஊருக்குத் தெரிந்தது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். வெங்கு மாமா படிக்கவைத்தார், அந்த மாமாவின் உதவியிலும் ஒரு அசிங்கம் இருக்கிறது. 'அக்னிப் பிரவேசம்' என்ற கதை நாவலுக்குள்ளேயே வருகிறது, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாக. கங்கா அதைப் படிக்கிறாள். தனக்கு நடந்தது அச்சில் இருக்கிறது, ஆனால் தனக்குக் கிடைக்காத ஒரு அம்மாவோடு.

இந்த இடம்தான் எனக்குத் தமிழ்ப் புனைவில் பார்வைக்கோணத்தைப் பற்றிய மிக நல்ல பாடம். எழுத்தாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். அவளுக்காக ஒரு கருணையான முடிவைக் கற்பனை செய்தார். ஆனால் அந்தக் கருணையை அச்சில் படிக்கும்போது, அது தனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிகிறது. வெளியிலிருந்து ஒருத்தர் நம்மை எவ்வளவு இரக்கத்தோடு பார்த்தாலும், அதில் நாம் இல்லாமல் போகலாம். ஜெயகாந்தன் தன் கதைக்குத் தானே எழுதிய விமர்சனம் என்று இந்த நாவலைச் சொல்வேன்.

அப்படியானால் 'நான்' என்று எழுதிவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. கங்காவின் 'நான்' சுதந்திரமான 'நான்' இல்லை. கெட்டுப்போனவள் என்று ஊரும் மாமாவும் வைத்த பெயரை அவள் எதிர்க்கிறாள், ஆனால் அதே சொல்லின் அளவுகோலால்தான் தன்னை அளக்கவும் செய்கிறாள். தன்னைக் கெடுத்தவனையே தேடிக் கண்டுபிடித்து அவனோடு பழகும்போது, தன் காரணங்களை அவள் நமக்கு விளக்கிக்கொண்டே போகிறாள். எல்லாவற்றையும் நம்பிவிட முடியவில்லை. தன்மையில் பேசுகிற கதைசொல்லி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961-லேயே விரிவாக எழுதிவிட்டார். 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற வழக்கு அவரிடமிருந்து வந்ததுதான். நம்பகமற்றவர் என்றால் பொய் சொல்கிறவர் என்று அர்த்தமில்லை. தன் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரைதான் அவரால் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கங்காவின் 'நான்' ஒரு ஆண் எழுதிய 'நான்'. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சங்கப் பாடல்களிலேயே ஆண் புலவர்கள் தலைவியாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் 'நான்' என்று போட்டதாலேயே உள்ளே போய்விட்டோம் என்று எழுதுகிறவரும் நம்பக் கூடாது, படிக்கிறவரும் நம்பக் கூடாது. படர்க்கையில் எழுதும்போது, வெளியே நின்று பார்க்கிறோம் என்ற நினைவாவது இருக்கும். அடுத்தவருடைய தன்மையில் எழுதும்போது அந்த நினைவும் போய்விடும் அபாயம் இருக்கிறது.

திரும்பவும் அந்தக் கேள்வி

அண்ணன் மகளின் கதைக்கு வருகிறேன். இரண்டாம் தடவை படித்தபோது அதில் ஒன்றைக் கவனித்தேன். கதை முழுக்க ஒன்பது வயசுப் பெண் எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து மட்டும்தான் எல்லாம் தெரிகிறது. சின்னவர் போனில் என்ன பேசினார் என்பது பாதிதான் கேட்கிறது. அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி நானும் அண்ணனும் ஒரு வாரம் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். கதையில் அது இல்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. எனக்கு வந்த எரிச்சல், அவள் பொய் எழுதினாள் என்பதால் வந்தது இல்லை. நான் எப்போதும் கதைசொல்லியாகவே இருந்த ஒரு கதையில், முதல் தடவையாகப் பாத்திரமாகிவிட்டேன்.

அந்த விரல்? காட்டியிருப்பேன். இப்போதும் வீட்டில் யாராவது பேச வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படித்தான் காட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் கேட்டேன். "ஊரைவிட்டுக் கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?" பத்து வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை என்பது கேட்கும்போதுதான் உறைத்தது.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் சொன்னதில் நாங்கள் கூட்டிக்கொண்டு வந்ததும் இல்லை, அவர்கள் கூட்டிக்கொண்டு போனதும் இல்லை. "கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாது. அப்பா இருந்தா ஒரு உதை உதைச்சுப் போடுவார். நான் மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அதை யார்கிட்டயாவது சொல்லலாம்னு பார்த்தேன். அப்புறம் நானே செங்கல்லை முட்டுக் குடுத்துட்டு, வாசலைப் பூட்டி, சாவியை உங்கண்ணன் கையில குடுத்தேன்."

அவ்வளவுதான். வேன் அவள் கதையில் வரவே இல்லை.

பாட்டி எதையோ சொல்ல வந்தாள் என்று அண்ணன் மகள் எழுதியிருந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்பது கதையில் இல்லை. அந்த இடத்தை அவள் கற்பனையால் நிரப்பாமல் விட்டிருக்கிறாள். அது எவ்வளவு சரியான முடிவு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நேற்று அவளுக்குப் புதிதாக ஒரு மெயில் போட்டேன். முதல் பதிலை மறந்துடு என்று ஆரம்பித்து, இங்கே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். கதை இப்போது இருக்கிறபடியே சரியாக இருக்கிறது, அந்தச் சின்னப் பெண் நிற்கிற இடத்தை மாற்றாதே. பாட்டியின் 'நான்' வேண்டுமென்றால் அது வேறு கதை. அதற்கு வார்த்தையை மாற்றினால் போதாது, லீவுக்கு வந்து பாட்டியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பி என்றேன்.

சின்னவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த விரல் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.